படிவம் நிரப்புறது அரசியல் இல்லையாம்



கடந்த கூட்டக் குறிப்பின் அடியில் ஒரு வரி வந்திருந்தது: சனிக்கிழமை அழைப்பைத் தொடர்வதா விடுவதா என்று அடுத்த கூட்டத்தில் முடிவு. வாசிக்கும்போது சின்ன விசயம் மாதிரித்தான் இருக்கும். அந்த வரிக்குப் பின்னால் நாற்பது நிமிட வாக்குவாதம் இருக்கு. அது குறிப்பில் வரவில்லை. அதனால் இதை எழுதுறன்.

புதிதாக வந்த ஆக்களுக்காக: சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு நாங்கள் நாலு பேர் வாட்ஸ்அப்பில் இருப்போம். அங்கே அப்போ ஞாயிறு விடிய, பால் கறந்து முடியிற நேரம். மட்டக்களப்பிலும் முல்லைத்தீவிலும் மாடு வளர்க்கிற ஆக்கள் தங்களுக்குக் கிடைத்த மானியப் படிவத்தைப் படம் பிடித்து அனுப்புவினம். நாங்கள் வாசித்து, எது என்ன கேக்குது எண்டு சொல்லி, எழுத வேண்டியதை எழுதிக் கொடுப்போம். சிங்களத்தில் மட்டும் வந்த கடிதமெண்டா மொழிபெயர்க்க ஆள் தேடுவோம். அவ்வளவுதான். ஒரு பதாகையும் இல்லை, ஒரு அறிக்கையும் இல்லை.

இதுக்கு எதிராகக் கூட்டத்தில் வந்த வாதம் மூன்று. ஒண்டு, இது தொண்டு நிறுவன வேலை, ஒரு இடதுசாரிக் கூட்டின் வேலையில்லை. ரெண்டு, பேரினவாத அரசின் மானியத்துக்கு மனு எழுதிக் கொடுப்பது அந்த அரசை நியாயப்படுத்துவது. மூண்டு, ஆள் வைத்துச் செய்யத் தேவையில்லை, ஒரு ஆப் செய்தால் முடிஞ்சுது. மூன்றையும் சொன்னவர்கள் நான் மதிக்கிற தோழர்கள். மூன்றும் பிழை.

படிவத்திலிருந்தே தொடங்குவம், ஏனெண்டா கூட்டத்தில் கதைத்த பெரும்பாலானோர் அதைக் கண்டதில்லை.

இலங்கையில் கால்நடை உதவிக்கான படிவங்கள் திட்டத்துக்குத் திட்டம் மாறும், ஆனால் கேட்கிறது அநேகமாக ஒரே சாமான்கள். அடையாள அட்டை. கிராம சேவகரின் உறுதிப்படுத்தல். கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் பண்ணைப் பதிவு. மாட்டின் காதில் இலக்கம். வங்கிக் கணக்கு. காணிக்கு ஆதாரம். கொட்டில் எத்தனை அடி, புல் எவ்வளவு நட்டிருக்கு. கடைசியாக, உன்ர பங்குக்கு எவ்வளவு போடுவாய். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெயர் 'இணை மானியம்'. உலக வங்கியின் விவசாயத்துறை நவீனமயமாக்கல் திட்டம் 2016இல் இலங்கைக்கு வந்தபோது அதன் நடுப்பகுதியே இதுதான். நீ பாதி போடு, நாங்கள் பாதி போடுறம். போடப் பாதி இல்லாதவனுக்கு மற்றப் பாதியும் இல்லை. இதை வறுமை ஒழிப்பு எண்டு எந்த முகத்தோட சொல்லுகினமோ தெரியாது.

இப்ப மட்டக்களப்பில் மாடு எப்படி வளருது எண்டு பாருங்கோ. அங்கே பெரும்பட்டிக்காரரின் மாடு கொட்டிலில் நிற்கிற மாடில்லை. மாரியில் வயல் விதைத்தால் பட்டி வயலைவிட்டு வெளியேற வேணும், மேய்ச்சல் தரைக்குப் போகவேணும். வேளாண்மை வெட்டினபிறகு திரும்பி வந்து வயலில் மேயும், எரு போடும். ஒரு மாடு நாளுக்கு ஒண்டு ரெண்டு லீற்றர்தான் கறக்கும், ஆனால் அதுக்குத் தீன் வாங்கிப் போடத் தேவையில்லை. பட்டிக்காரரும் வயல்காரரும் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்ட ஏற்பாடு இது. யாரும் யாருக்கும் உறுதி எழுதிக் கொடுக்கவில்லை.

படிவம் அந்த மனுசனிடம் கேக்குது: பண்ணையின் முகவரி என்ன?

நூறு மாடு வைத்திருக்கிற ஒரு ஐயா, அந்தக் கட்டத்துக்கு முன்னால் தொலைபேசியைப் பிடிச்சுக்கொண்டு, "மனே, இதில என்னத்த எழுத? மாரியில ஒரு முகவரி, கோடையில ஒரு முகவரி" எண்டு கேட்டார். நான் சிரிச்சன். அவர் சிரிக்கேல்லை. அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் அவருடைய பண்ணை இல்லை. பண்ணை இல்லையெண்டா நூறு மாடும் கணக்கில் இல்லை. நிலம் அடைத்து, கொட்டில் கட்டி, புல் நட்டு, மாட்டைக் கட்டிவைத்து வளர்க்கிற ஒருவரைக் கற்பனை செய்துதான் அந்தப் படிவம் எழுதப்பட்டிருக்கு. அப்படியான ஒருவருக்கு அதை நிரப்பப் பத்து நிமிடம் போதும். மேய்ச்சல் தரையை நம்பின ஒருவரால் பத்து வருசம் இருந்தாலும் நிரப்ப ஏலாது, பொய் எழுதினால் தவிர.

இதில் 'அரசியல்' எங்கே எண்டு கேட்ட தோழருக்கு என்ர பதில் மயிலத்தமடு.

மயிலத்தமடுவும் மாதவனையும் மட்டக்களப்பின் மேற்கு எல்லையில் இருக்கிற மேய்ச்சல் தரைகள். அண்ணளவாக ஆயிரம் பண்ணைக் குடும்பங்கள் அதை நம்பியிருக்கு. பட்டிக்காரர் அதைப் பாவிக்கிறது எல்லாருக்கும் தெரியும், ஆனால் காகிதத்தில் அது மகாவலி அதிகாரசபையின் 'பி' வலயம். 1979இன் 23ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அந்த அதிகாரசபைக்குத் தன் வலயத்துக் காணியில் கிடைக்கிற அதிகாரம் ஒரு குட்டி அரசாங்கத்துக்குரியது. 2020இல், அனுராதா யஹம்பத் கிழக்கின் ஆளுநராக இருந்த காலத்தில், வெளிமாவட்டத்துச் சிங்கள விவசாயிகள் சோளம் செய்ய அங்கே கொண்டுவரப்பட்டார்கள். பட்டிக்காரர் எதிர்த்தார்கள், வழக்குப் போனது, கொஞ்சம் அடங்கியது, பிறகு திரும்பவும் தொடங்கியது. மாடுகளைச் சுட்டும் வெட்டியும் மின்கம்பி வைத்தும் கொல்லுகினம் எண்டு பண்ணையாளர்கள் முறைப்பாட்டுக்கு மேல் முறைப்பாடு செய்தார்கள். 2023 செப்டம்பர் 15 அன்று சித்தாண்டியில் வீதியோரம் குந்தினார்கள். ஒரு வருசம் தாண்டியும் அந்தப் போராட்டம் நடந்தது. அந்த ஒக்டோபரில் ரணில் விக்கிரமசிங்க மட்டக்களப்புக்கு வந்தபோது செங்கலடியில் பண்ணையாளர்களும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரும் வீதிக்கு வந்தார்கள். நவம்பரில், போராட்டத்துக்கு ஆதரவு கொடுத்துவிட்டுத் திரும்பிய கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆறு பேரைச் சந்திவெளிப் பொலிசார் பிடித்தார்கள்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நாங்களும் அப்போ ஆளாளுக்குப் பகிர்ந்தோம். ஆனால் பட்டிக்காரரின் கோரிக்கை என்ன எண்டு எத்தனை பேர் கவனித்தோம்? அவர்கள் கேட்டது ஒரு காகிதம். அந்தத் தரையை மேய்ச்சல் தரையாக வர்த்தமானியில் அறிவி எண்டு கேட்டார்கள். உலகத்திலேயே அலுப்பான கோரிக்கை. கோசமாகப் போட்டால் எதுகை மோனை வராது. ஆனால் சண்டை முழுக்க அந்தக் காகிதத்தில்தான் இருக்கு. அது இல்லாதபடியால்தான் சோளக்காரன் 'பயிர் செய்கிறவன்' ஆகிறான், பட்டிக்காரன் 'அத்துமீறி மேய்க்கிறவன்' ஆகிறான். அது இல்லாதபடியால்தான் மானியப் படிவத்தில் முகவரிக் கட்டம் வெறுமையாக இருக்கு. ரெண்டும் ஒரே வெறுமை. ஒரு கட்டத்தைக் கையால் தொட்டுப் பார்த்த ஆளுக்கு மற்றக் கட்டம் தானாக விளங்கும்.

சனிக்கிழமை அழைப்பில்லாமல் எனக்கு இது விளங்கியிருக்காது எண்டு நான் சொல்ல வரேல்லை. நூலகத்தில் உக்காந்து நில உரிமை பற்றி வாசித்தும் விளங்கிக்கொள்ளலாம், நாங்கள் எல்லாரும் அதுக்குக் காசு கட்டித்தான் படிக்கிறம். ஆனால் எந்த ஊரில், எந்த அலுவலகத்தில், எந்தக் கட்டத்தில் வைத்து ஒரு விண்ணப்பம் சாகுது எண்ட விபரம் ஒரு ஆய்வுக்கட்டுரையிலும் கிடைக்காது. அது படிவம் நிரப்புறவனிடம்தான் இருக்கும்.

அரசை நியாயப்படுத்துகிறோமாம். எனக்குச் சரியாகக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். அந்த மானியம் ஆற்ற காசு? பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பிள்ளையின் கொப்பிக்கும் அந்தச் சனம் கட்டின வரி அதில் இருக்கு. அவர்களின் பெயரில் வாங்கின கடன் அதில் இருக்கு. கியூபெக் அரசிடம் கல்விக் கடனும் உதவித்தொகையும் எடுக்கிற நாங்கள், ஒவ்வொரு மாசியிலும் பங்குனியிலும் அதுக்கான காகிதங்களை ஒழுங்காகத் தேடி எடுக்கிற நாங்கள், பூர்வகுடிகளின் நிலத்தில் நிற்கிற இந்த அரசை நியாயப்படுத்துறமா எண்டு யாரும் கூட்டம் போட்டுக் கேக்கேல்லை. ஆனால் சித்தாண்டியில் ஒரு அக்கா புல்வெட்டும் இயந்திரத்துக்கு விண்ணப்பித்தால் மட்டும் கோட்பாட்டுப் பிரச்சினை வருது. தூய்மை எப்பவும் மற்ற ஆக்களின் செலவில்தான் மலிவாகக் கிடைக்கும்.

சரி, நாங்கள் ஒதுங்கினால் அந்தப் படிவத்தை யார் நிரப்புவினம்? நிரப்பாமல் விடப்படும் எண்டு நினைக்கிறீங்களா? கட்சி அமைப்பாளர் நிரப்புவார். தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்க, மேசையும் கதிரையும் போட்டு, பெயர்ப்பட்டியலோட உக்காந்து நிரப்புவார். கிடைத்தால் அவர் எடுத்துத் தந்தது, கிடைக்காவிட்டால் மற்றக் கட்சிக்காரன் கெடுத்தது. உரிமையாக வரவேண்டிய ஒண்டு அவரின் கையால் தயவாக மாறி வரும். அஸ்வெசும 2023இல் தொடங்கினபோது ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் போனது. அத்தனை முறையீட்டையும் எழுத யாரோ ஒருவர் உதவியிருப்பார்தானே. அந்த 'யாரோ' எங்கட ஆக்களா எண்டதுதான் கேள்வி.

ஐரோப்பாவைப் பாருங்கோ. 2024 தையிலும் மாசியிலும் பிரான்சில் உழவு இயந்திரங்கள் நெடுஞ்சாலையை மறித்தபோது விவசாயிகள் சொன்ன குறைகளில் முன்வரிசையில் இருந்தது காகித வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நேரடி மானியத்தில் ஏறத்தாழ 80 வீதம், பெறுகிறவர்களில் 20 வீதமானவர்களுக்குப் போகுது. சின்ன விவசாயியின் கோபத்துக்கு நியாயமான இலக்கு அது. ஆனால் அந்தக் கோபத்தை அறுவடை செய்தது யார்? பெரிய பண்ணைகளின் சங்கத் தலைமையும் தீவிர வலதுசாரிகளும். காகிதத்துக்குக் காரணம் சூழலியல் எண்டு திருப்பிவிட்டார்கள், களைகொல்லி விதியைத் தளர்த்தினார்கள், மானியத்தின் பங்கீடு அப்படியே கிடக்கு. இடதுசாரிகள் அந்தக் கோபத்துக்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். ஆனால் அநேகமான சமையலறை மேசைகளில் அந்தப் படிவத்தோடு உக்காந்த ஆளாக இருக்கவில்லை. விளக்கம் வைத்திருக்கிறவனையும் பக்கத்தில் இருந்தவனையும் சனம் வேறுவேறாகத்தான் பார்க்கும்.

தூரம் போகத் தேவையில்லை, இந்த மாகாணமே பாடம். மொன்றியலில் இருந்து ஒரு மணித்தியாலம் ஓடினால் மாட்டுப் பண்ணைதான். நாங்கள் கோடையில் அப்பிள் பிடுங்கப் போகேக்க ஜன்னலால் பார்க்கிற அந்தச் சிவப்புக் களஞ்சியங்கள். கனடாவில் பால் உற்பத்திக்குக் கோட்டா வேணும். கியூபெக்கில் ஒரு நாளுக்கு ஒரு கிலோ பாற்கொழுப்புக்கான கோட்டா, அதாவது சுமாராக ஒரு மாட்டுக்கானது, 24,000 டாலர். ஐரோப்பாவுடனும் பசுபிக் நாடுகளுடனும் வணிக ஒப்பந்தம் செய்து வெளிநாட்டுச் சீஸை உள்ளே விட்டதுக்கு நட்டஈடாக, 2019 ஓகஸ்டில் ஒட்டாவா எட்டு வருசத்துக்கு 175 கோடி டாலர் அறிவித்தது. முதல் வருசத்துக்கு 34.5 கோடி. எண்பது மாடு வைத்திருக்கிற பண்ணைக்கு அந்த வருசம் ஏறத்தாழ 28,000 டாலர். கோட்டா கூடினவனுக்குக் காசும் கூட. இதற்கு விண்ணப்பம் எப்படி? பால் ஆணைக்குழுவிடம் ஒவ்வொருவரின் கோட்டாக் கணக்கும் ஏற்கெனவே இருந்தது. பண்ணைக்காரர் தன்னைப் பதிவுசெய்து உறுதிப்படுத்தினால் சரி. கொட்டில் எத்தனை அடி எண்டு யாரும் கேக்கேல்லை. ஏழை எண்டு நிரூபி எண்டும் கேக்கேல்லை. அந்த மாட்டைக் கறக்கிற கை அநேகமாகக் குவாத்தமாலாவிலிருந்து ஒரே முதலாளிக்குக் கட்டுப்பட்ட அனுமதியில் வந்த கை எண்டதும் அந்தப் படிவத்துக்குத் தேவையில்லை.

ஆகவே மூன்றாவது வாதக்காரருக்கு, ஆப் செய்ய விரும்புகிற தோழருக்கு: படிவம் காகிதத்தில் இருக்கிறபடியால் அது கஷ்டமாக இல்லை. அரசு ஒருவருக்குக் கொடுக்க விரும்பினால் தன்னிடம் இருக்கிற தகவலை வைத்துத் தானே கொடுக்கும். விரும்பாட்டித்தான் கேள்வி கேக்கும். கஷ்டம் ஒரு தொழில்நுட்பக் குறைபாடு இல்லை. அது ஒரு வடிகட்டி. வடிகட்டியைத் தொலைபேசித் திரையில் போட்டால் அது வேகமான வடிகட்டி ஆகும்.

வேறுவிதமாக எழுத ஏலும் எண்டதுக்கு உதாரணம் இருக்கு. ஜெயலலிதாவைப் புகழுறதுக்கு எனக்கு ஒரு விருப்பமும் இல்லை, ஈழப் பிரச்சினையில் அவர் ஆடின ஆட்டம் வேறை கதை. ஆனாலும் 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கின விலையில்லா ஆடு, மாடு திட்டத்தின் விதியைப் பாருங்கோ. ஐந்து வருசத்தில் ஏழு இலட்சம் குடும்பங்களுக்கு நாலு நாலு ஆடு. 60,000 கறவை மாடு. பெண்களின் பெயரில். நிலம் இல்லாத ஆளுக்குத்தான் முன்னுரிமை. பட்டியல் கிராம சபையில் வாசிக்கப்பட வேணும். அதில் ஊழலும் கட்சிக்காரரின் கையும் இல்லையெண்டு நான் சொல்லேல்லை. ஆனால் 'காணி உறுதி எங்கே' எண்ட கேள்வி தலைகீழாகி, 'காணி இல்லையா, அப்ப வா' எண்டு ஆயிட்டுது. இதையே இந்திய மத்திய அரசு 2021இல் திருத்திய தேசிய கால்நடை இயக்கத்தோட ஒப்பிடுங்கோ. ஆட்டுப் பண்ணைக்கு ஐம்பது வீத மானியம், உச்சம் 50 இலட்சம் ரூபாய். அலகு என்ன? 500 பெட்டை ஆடு, 25 கிடாய். திட்ட அறிக்கை வேணும், வங்கிக் கடன் சம்மதம் வேணும், இணையத்தில் ஏற்றவேணும். நாலு ஆட்டுக்காரிக்கும் ஐந்நூறு ஆட்டுக்காரனுக்கும் நடுவில் இருக்கிற அரசியல் வித்தியாசம் முழுக்கப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே தெரியுது. முதல் பக்கத்தை வாசிக்காமல் அறிக்கை எழுதுறம் நாங்கள்.

இனி எங்கட சொந்தச் சமூகத்தின் மாட்டுக் கதைக்கு வருவம், இதை விட்டால் நான் நேர்மையாக எழுதினதாக இருக்காது.

புலம்பெயர் ஆக்களுக்கு மாடு கொடுக்கப் பிடிக்கும். பிறந்தநாளுக்கு ஒரு மாடு, திவசத்துக்கு ஒரு மாடு. கணவனை இழந்த ஒரு பெண், கையில் கயிறு, கழுத்தில் மாலையோட மாடு, பின்னால் கொடையாளியின் அம்மாவின் படம் போட்ட பதாகை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்கிறீங்களா? கமெராவைப் பார்க்கச் சொன்னதால் பார்க்கிற முகம். கொடுக்கிற மனசை நான் குறை சொல்லேல்லை. பார்க் எக்ஸ்டென்சனில் ரெண்டு வேலை செய்து களைச்ச ஆக்கள்தான் அந்தக் காசைச் சேர்க்கினம், எங்கட வீட்டிலும் சேர்த்திருக்கினம். ஆனால் புல் எங்கே? மேய்ச்சல் தரை எங்கே? சினைப்படுத்த ஆள் எந்தக் கிழமை வருவார்? பால் சேகரிக்கிற வண்டி அந்த ஒழுங்கைக்கு வருமா? மாடு பண்ணைப் பதிவில் ஏறினதா? ஏறாட்டில் நாளைக்குத் திருட்டுப் போனால் முறைப்பாடு செய்யவும் ஏலாது, நோய் வந்தால் நட்டஈடு கேக்கவும் ஏலாது. ஒரு வருசத்தில் அந்த மாடு விற்கப்பட்டால், "இந்தச் சனத்துக்குக் கொடுத்துப் பிரயோசனமில்லை" எண்டு இங்கே கோயில் மண்டபத்தில் கதை வரும்.

இதையே அரசு பெரிதாகச் செய்தது. அவுஸ்திரேலியாவின் வெலார்ட் நிறுவனத்திடம் 20,000 கறவை மாடு வாங்க இலங்கை ஒப்பந்தம் போட்டது. டச்சு ரபோ வங்கியின் கடன், அவுஸ்திரேலிய அரசின் ஏற்றுமதிக் காப்புறுதி. 2017 தொடக்கம் முதல் 5,000 மாடு வந்தது. குளிர்நாட்டு மாடு, வெப்பநாட்டுக் கொட்டில். சொன்ன அளவு பால் வரவில்லை, மாடுகள் நோயில் செத்தன, வங்கிக் கடன் எடுத்த விவசாயிகள் கடனாளியாக நிண்டார்கள். அதே காலத்தில் மயிலத்தமடுவில் அந்த வெயிலுக்கும் அந்தப் புல்லுக்கும் பழகின ஆயிரக்கணக்கான மாடு சும்மா நிக்குது, அதுகளுக்குத் தேவை ஒரு வர்த்தமானி அறிவித்தல். கடனுக்கு மாடு இறக்குமதி செய்யலாம், இருக்கிற மாட்டுக்குத் தரை கொடுக்க ஏலாது. ஏன் ஏலாது எண்டு கேட்டால் பதில் பொருளாதாரத்தில் இல்லை, இனத்தில் இருக்கு.

தொண்டு வேலை, அரசியல் வேலை எண்டு கோடு போடுகிற தோழர்களுக்கு எங்கட வரலாற்றிலிருந்தே ஒண்டு. எழுபதுகளில் டேவிட் ஐயாவும் வைத்தியர் இராஜசுந்தரமும் காந்தீயம் அமைப்பை நடத்தினார்கள். கலவரங்களால் துரத்தப்பட்ட மலையகத் தமிழரை வன்னியில் குடியேற்றினார்கள். கிணறு வெட்டினது, பாலர் பாடசாலை நடத்தினது, பயிர் செய்யப் பழக்கினது. அப்பட்டமான சமூகசேவை. அரசுக்கு அது எப்படித் தெரிந்தது? 1983 சித்திரையில் ரெண்டு பேரையும் பிடித்தார்கள். இராஜசுந்தரம் அந்த யூலை 27 அன்று வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். மலையக மக்கள் குடியேறியிருந்த கென்ட், டொலர் பண்ணைகளிலிருந்து அவர்களைக் கலைத்துவிட்டு 1984இல் சிங்களக் கைதிகளைக் குடியேற்றினது அரசு. பிறகு அங்கே நடந்த படுகொலையை, எங்கட பக்கம் செய்ததை, மறைக்கவும் கூடாது. நான் சொல்ல வந்தது இதுதான்: யார் எந்த நிலத்தில் வேரூன்றுகினம் எண்ட கேள்வி இருக்கிற இடத்தில் கிணறும் கொட்டிலும் சமூகசேவை இல்லை எண்டு அரசுக்கு எங்களுக்கு முதலே தெரியும்.

இங்கேயுள்ள விவசாயிகளுக்கும் தெரியும். கியூபெக்கில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரே ஒரு விவசாயிகள் சங்கத்துக்குத்தான் அங்கீகாரம். அதன் பெரும்பண்ணைப் போக்கை எதிர்த்து 2001இல் யூனியோன் பேசான் தொடங்கினது. அது ஒரு பக்கம். எனக்குப் பிடித்தது இன்னொண்டு: 'த்ரவையேர் து ரான்' எண்டு இங்கே ஒரு தொழில் இருக்கு. பண்ணைப் பாதைவழியே வீடு வீடாகப் போகிற சமூகப் பணியாளர். 2003இல் தொடங்கின ஒரு அமைப்பிலிருந்து வளர்ந்த யோசனை. தற்கொலை எண்ணத்தோட இருக்கிற விவசாயியின் சமையலறை மேசையில் உக்காந்து கதைக்கிறது அவர்களின் வேலை. அப்படி உக்காந்தால் அந்த மேசையில் என்ன கிடக்கும் எண்டு நினைக்கிறீங்கள்? திறக்காத கடித உறை. வங்கிக் கடிதம், மானியக் கடிதம், பரிசோதகரின் கடிதம். ஒரு மனுசனைக் கடிதம் திறக்கப் பயப்பட வைக்கிறது எவ்வளவு பெரிய வன்முறை எண்டு யோசிக்கப் பெரிய கோட்பாடு ஒண்டும் தேவையில்லை. எங்கட அம்மா அப்பாமார் அகதிக் கோரிக்கைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தால் வந்த எங்களிடம் "இதில என்ன போட்டிருக்கு எண்டு பார் பிள்ளை" எண்டு நீட்டினதை நீங்கள் எல்லாரும் கண்டிருப்பீங்கள். எட்டு வயதில் நாங்கள் செய்த முதல் மொழிபெயர்ப்பு அது. அந்தத் திறமை எங்கட தலைமுறைக்குச் சும்மா கிடைத்தது. அதை எங்கே பாவிக்கிறது எண்டதுதான் இப்ப நடக்கிற சண்டை.

இவ்வளவும் சொன்னதால், சனிக்கிழமை அழைப்பு இப்ப நடக்கிற மாதிரியே நடந்தால் போதும் எண்டு நான் சொல்லவில்லை. ஆளாளுக்கு ஒரு படிவம், கிடைத்தால் சந்தோசம், கிடைக்காட்டில் அடுத்தது, இப்படியே போனால் எதிர்வாதக்காரர் சொல்லுறது உண்மையாகத்தான் முடியும். நான் கேக்கிறது வேறை. நிராகரிக்கப்பட்ட ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும், உரியவர் சம்மதித்தால், ஒரு பிரதி வைப்பம். எந்தக் கட்டத்தில் விழுந்தது எண்டு குறிப்பம். 'மேய்ச்சல் தரைக்கு ஆதாரம் இல்லை' எண்ட ஒரே காரணத்தால் நாற்பது விண்ணப்பம் விழுந்தது எண்டு காட்டினால் அது சமூகசேவையின் கணக்கு இல்லை, குற்றப்பத்திரம். அதை அங்கேயுள்ள பண்ணையாளர் சங்கங்களின் கையில் கொடுப்பம். அவர்கள் அதை வைத்துப் பிரதேச செயலகத்தில் கதைக்கலாம், வழக்கில் போடலாம், தூக்கி எறியவும் அவர்களுக்கு உரிமை இருக்கு. தனித்தனியாக விண்ணப்பிக்கிறதை விடச் சங்கமாக விண்ணப்பிக்க ஏலுமான இடங்களில் அதுக்கு உதவுவம். நிராகரிப்புக் கடிதம் தமிழ் பேசுகிற ஒருவருக்குச் சிங்களத்தில் மட்டும் வந்தால் தமிழில் தா எண்டு எழுதுவம், 1987இல் இருந்து தமிழும் அரசகரும மொழிதான். காசு சேர்க்கிறதெண்டா மாட்டுக்குச் சேர்க்க வேண்டாம், அலுவலகத்துக்குப் போய்வர பஸ் காசுக்கும், அந்த ஒரு நாள் கூலி இழப்புக்கும், சட்டத்தரணிக்கும் சேர்ப்பம். இதுக்குப் பதாகை போட்டுப் படம் எடுக்க ஒண்டும் கிடைக்காது. நல்லது.

அப்புறம், அழைப்பில் நாங்கள் குறைவாகக் கதைப்பம். போன மாதம் ஒரு அக்காவுக்கு நவதாராளவாதம் விளக்கப்பட்டது. அவ பொறுமையாகக் கேட்டுப்போட்டு, "சரி தங்கச்சி, ஒன்பதாம் கேள்விக்கு என்ன எழுத?" எண்டு கேட்டா. ஒன்பதாம் கேள்வி: மாதாந்த நிரந்தர வருமானம். மழைக்கும் மாட்டுக்கும் மாதம் தெரியாது எண்டு எழுத இடம் இல்லை, ஒரு எண் மட்டும்தான் எழுதலாம். அந்த எண்ணை என்ன அடிப்படையில் கணக்கிட்டம், அதை ஏன் அப்படிக் கணக்கிட்டம் எண்டு ஒரு துணைக் கடிதமும் எழுதினம். அதுக்கு ரெண்டு மணித்தியாலம் போனது.

முடிவு வருகிற கூட்டத்தில். தொடரவேணும் எண்டு நான் வாக்களிப்பன். நீங்கள் எதிர்த்து வாக்களிக்கிறதெண்டா, அதுக்கு முதல் ஒரு சனிக்கிழமை வந்து ஒரு படிவத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நிரப்பிப் பாருங்கோ. இரவு ஒன்பதுக்குத் தொடங்கும், பதினொன்றரைக்குள் முடியும். சிங்களம் வாசிக்கத் தெரிந்த இரண்டு பேர் அவசரமாகத் தேவை. பண்ணையாளர்களின் படங்களை வேறு எங்கேயும் பகிரக் கூடாது. ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுவாங்கோ, படத்தில் எழுத்துத் தெளிவில்லாமல் வரும், அவர்கள் வாயால் சொல்ல நாங்கள் எழுதவேண்டி இருக்கும்.